முறத்தில் இரண்டு குவியல்

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். மட்டாஞ்சேரியில் அதுதான் நியாயமான கேள்வி. குழாயில் எப்போது வரும், உப்புக் கரிக்குமா, டேங்கர் லாரி சந்துக்குள் நுழையுமா என்று கேட்பார்கள். இந்தப் பெண் மொட்டைமாடியைப் பற்றிக் கேட்டாள். "வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்மா?" என்றாள். வெயிலை விசாரித்து வீடு எடுக்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதே எனக்குள் ஒன்று உறுத்தியது.

ஆனாலும் தமிழ் பேசுகிற பெண். திண்டுக்கல் பக்கம். புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். இவள் களமசேரியில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி படிக்கிறாள். என் மகன்கள் ரெண்டு பேரும் பள்ளுருத்தியில் வீடு கட்டிக்கொண்டு போனபிறகு மேல் அறை சும்மாதான் கிடந்தது. சாவியைக் கொடுத்தேன்.

வந்த கொஞ்ச நாளிலேயே மாடியில் பச்சை வலை கட்டினாள். அதற்குக் கீழே பெஞ்சு போட்டு, குழி குழியாக இருக்கிற பிளாஸ்டிக் தட்டுகளை வரிசையாக அடுக்கினாள். எலி ஏறாமல் இருக்கப் பெஞ்சின் காலுக்கெல்லாம் தகரம் சுற்றினாள். "அம்மா, இதை மட்டும் யாரும் தொடாமப் பாத்துக்கங்க" என்றாள். யாரும் என்றால் யார்? அந்த வீட்டில் அவளை விட்டால் நான் ஒருத்திதான். என் வீட்டு மாடியில் என்னையே தொடாதே என்கிறாள், அதையும் சிரித்த முகத்தோடு சொல்கிறாள்.

காலையில் சில நாள் ஒரு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். உள்ளே ஐஸ். எங்கள் ஊரில் அந்தப் பெட்டி மீனுக்குத்தான். மீன் வீட்டுக்குள் வருகிற பெட்டி இவளிடம் வீட்டைவிட்டு வெளியே போகிறது. மோந்து பார்த்தேன். மீன் வாசனையே இல்லை.

எதிர்வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். சந்தில் எல்லோரும் அவளைச் சேச்சி என்பார்கள், என்னைவிடச் சின்னவள் ஆனாலும் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். மலையாளத்துக்காரி. நாங்கள் ரெண்டு பேரும் ஒரே இஞ்சிக் குடோனில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரித்தவர்கள். அவளுக்கு அவள் கைதான் உசத்தி என்று நினைப்பு. எனக்கு அப்படி நினைப்பு இல்லை, தெரியும். அவள் ஜன்னல் வழியாக என் மாடியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வலை கட்டி வளக்குறது எந்தா? கஞ்சாவோ?"

"வாயை மூடு சேச்சி."

"நான் சொல்லுறதுக்கு எந்தா. போலீஸ் வந்தா வீட்டுக்காரியைத்தான் முதல்ல ஜீப்புல ஏத்துவான். நீ தமிழ்ல அழுதா அவனுக்குப் புரியவும் புரியாது."

அன்றைக்குச் சாயங்காலமே முழங்கால் வலியோடு படி ஏறினேன். வலையைத் தூக்கிப் பார்த்தால், புல்லு மாதிரி நாற்று. மக்காச்சோளம். பீச்சில் சுட்டு விற்கிறார்களே, அது. ஆனால் பார்க்கிற மாதிரி இல்லை. சிலது குட்டை, சிலது வெளுத்த இலை, சிலது தலையைத் தூக்கவே யோசிக்கிறது. ஒரு தட்டில் உள்ளதெல்லாம் ஒரே அச்சு, அடுத்த தட்டு வேறே அச்சு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு நம்பர். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நம்பர் நன்றாகத் தெரியும்.

பெண் வந்ததும் கேட்டேன். "இவ்வளவு காவல் காத்து வளக்குற. இப்படிச் சோகை பிடிச்சுக் கிடக்குதே?"

அவள் ஒளிக்கவில்லை, உட்கார்ந்து சொன்னாள். ஒரு சோளச் செடியின் பூந்தூளை எடுத்து அதே செடியின் கதிருக்கே போடுவார்களாம். அந்த விதையை முளைக்கவைத்து, அதிலும் அப்படியே. ஏழெட்டுத் தலைமுறை இப்படிச் செய்தால் அந்த வம்சத்துச் செடி எல்லாம் ஒரே வார்ப்பாகிவிடுமாம். அதற்கு லைன் என்று பேர். ஆனால் வெளி ரத்தம் சேராததால் சத்து குறைந்து, குட்டையாகி, கதிரும் சிறுத்துவிடுமாம்.

"அப்புறம் எதுக்கு அந்தப் பாவத்தைச் செய்றீங்க?"

"ரெண்டு லைனை எடுத்து ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா, பிள்ளை ரெண்டையும் தூக்கி அடிக்கும்மா. விவசாயி கடையில வாங்குற விதை அதுதான். ஆனா ரெண்டும் தூரத்துச் சொந்தமா இருக்கணும். கிட்டத்துச் சொந்தத்தைச் சேர்த்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. பாக்குறதுக்கு வேற வேற மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள ஒரே வீடா இருக்கும். அதான் இலையைக் கிள்ளி ஐஸ்ல வச்சுக் காலேஜுக்கு எடுத்துட்டுப் போறேன். எது எதுக்கு எவ்வளவு தூரம்னு மெஷின்ல பாக்கறதுக்கு."

கிட்டத்துச் சொந்தம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டியது என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பியை. எங்கள் பக்கம் அது முறைதான், உரிமைதான். எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் அது ஒரு நாளும் ஜீரணமானதில்லை. "அம்மாவனைக் கெட்டினவள்" என்று குடோனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொல்லிக்கொடுத்துத்தான் இவள் சோளத்தை வைத்து என்னைக் குத்துகிறாளோ?

"என் மகனுங்க ரெண்டு பேரும் ஆறடி" என்றேன்.

பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் சோளத்தைச் சொன்னேன்மா."

"நானும் சோளத்தைத்தான் சொல்றேன்."

கஞ்சா இல்லை என்று தெரிந்தது ஒரு ஆறுதல். எதிர்வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. நான் முழுக்க நம்பினேன் என்றும் சொல்லமாட்டேன். இவ்வளவு படித்த பெண், ஒரு சோளத்துக்கு இன்னொரு சோளம் என்ன முறை என்று பார்க்கக் களமசேரிக்குப் பஸ் மாறிப் போய்வருகிறாள் என்றால், யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் அவள் மாடியில் இன்னும் கொஞ்சம் விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். பாதியில் காலேஜிலிருந்து போன் வந்தது. அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பகல் திரும்புகிற நேரம், வானம் ஒரே இருட்டு. எங்கள் ஊர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. துணி எடுக்க மேலே போனேன். விதைக் கவர்கள் பெஞ்சின் மேல் பரப்பியபடியே கிடந்தன. பழுப்புக் காகிதக் கவர், ஒவ்வொன்றின் வாயும் மடித்துக் கிளிப் போட்டிருந்தது. தொடாதே என்றவளின் பொருள். ஆனால் நனைந்தால் முளைத்துப் பாழாகும் என்று எனக்குத் தெரியும், சுக்கோடும் மிளகோடும் கிடந்தவள் இல்லையா நான். முறத்தை எடுத்துவந்து எல்லாவற்றையும் அதில் அடுக்கி, முந்தானையால் மூடி, கீழே கொண்டுபோய் என் கட்டிலின் மேல் வைத்தேன். ஒரு கவரும் விழவில்லை. ஒரு கிளிப்பும் கழலவில்லை. ராத்திரி அவள் வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தெய்வம் மாதிரிம்மா நீங்க" என்றாள்.

அந்தத் தெய்வத்தைத்தான் பிறகு குற்றவாளி ஆக்கினார்கள்.

மழை நின்று வெயில் காய ஆரம்பித்த ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் என் மாடிப்படியில் உட்கார்ந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. சாயா போட்டுக் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"அம்மா, அன்னைக்கு மழையில கவர் எல்லாம் எடுத்து வச்சீங்களே."

"ஆமா."

"ஏதாச்சும் கீழ விழுந்துச்சா?"

"இல்ல."

"வாய் திறந்திருந்துச்சா? சிந்தி, பொறுக்கிப் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

அந்த 'நல்லா' தான் எனக்குச் சுட்டது. என்ன விஷயம் என்று கேட்டேன். ரெண்டு லைன். ஒன்று வடக்கே மலைநாட்டிலிருந்து வந்ததாம், இன்னொன்று கடற்கரைப் பக்கத்து விதை. இருக்கிறதிலேயே இதுகள் ரெண்டும்தான் ரொம்பத் தூரம் என்று நினைத்து, அடுத்த போகத்தில் இவற்றைச் சேர்ப்பதாக அவளுடைய சார் முடிவு செய்திருந்தார். மெஷினில் பார்த்தால் ரெண்டும் ஒன்றேதான் என்று வருகிறது. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அப்படி இருக்க வழியே இல்லை, உன் வீட்டில் யாரோ விதையைக் கலந்திருக்கிறார்கள் என்று சார் சொல்லிவிட்டார். கலந்தது உண்மையென்றால் அந்த மாடியிலிருந்து போன எந்த இலையையும் நம்ப முடியாது. எல்லாம் முதலிலிருந்து.

"உன் வீட்டில் யாரோ" என்றால் அது நான்தான். குடோனில் இத்தனை காலம் இருந்தேன், என் சாக்கில் ஒரு சுக்கு தரம் மாறிப் போனதில்லை. மேஸ்திரி என் மடியை உதறிப் பார்க்கச் சொன்னதில்லை. மற்றவர்களுக்கு அது தினசரி.

சந்து குறுகலானது. நாங்கள் பேசினது எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அவள் வாசலில் வந்து நின்றாள்.

"குடோனா இருந்தா இந்நேரம் தனிச்சாக்குதான்" என்றாள்.

தனிச்சாக்கு என்றால் இது. ஒருத்தி பிரித்த மூட்டை, தரம் கலந்திருக்கிறது என்று திரும்பி வந்தால், அவளை முற்றத்தின் நடுவில் தனியாக ஒரு சாக்கு போட்டு உட்காரவைப்பார்கள். எல்லோரும் பார்க்க அந்த மூட்டையை மறுபடி பிரிக்கவேண்டும். கூலி கிடையாது. யாரும் அவளோடு பேசக்கூடாது. எதிர்வீட்டுக்காரி அதில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உட்கார்ந்ததில்லை.

"போட்டுரு சாக்கை" என்றேன். "மோளே, அந்த ரெண்டு கவரையும் எடுத்துட்டு வா. ஒவ்வொண்ணா நான் பிரிக்கிறேன். கலந்திருந்தா ஒரே கவருக்குள்ள ரெண்டு ஜாதி இருக்கணும். இல்லைன்னா இருக்காது. எல்லாரும் பாருங்க."

பெண் வேண்டாம் என்றாள். கண்ணால் பார்த்தால் தெரியாதும்மா, அது உள்ளுக்குள் இருக்கிற விஷயம் என்றாள். கண்ணால் பார்த்தால் தெரியாததைக் கலந்தேன் என்று மட்டும் எப்படிச் சொல்கிறாய் என்றேன். லீவு நாளில் எடுத்துவருகிறேன் என்று படி ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை. வாசல் சிமெண்டில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள், சினிமாவுக்கு வந்தவள் மாதிரி. முதல் கவரை முறத்தில் கொட்டினாள் பெண். நான் நினைத்திருந்தது, எல்லாம் ஒரே ஜாதி, பிரிக்க ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டலாம் என்று. ஆனால் கை மணியில் பட்டதும் அதன்பாட்டுக்கு வேலை செய்தது. சப்பை மணி இடப்பக்கம். உருண்டை மணி வலப்பக்கம். பார்க்கப் பார்க்க ரெண்டு குவியல் வளர்ந்தது. நடுவில் ஒரு தரம் நிறுத்திப் பார்த்தேன். சப்பை சப்பைதான், உருண்டை உருண்டைதான். கலைத்துவிட்டு ஒரே ஜாதி என்று சொல்லியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள். இருக்கிறதை இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

ரெண்டாவது கவரும் அதேபோல்தான். சப்பையும் உருண்டையும்.

எதிர்வீட்டுக்காரி ஸ்டூலிலிருந்து குனிந்து ஒவ்வொரு குவியலிலும் நாலு மணியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். நான் பிரித்ததில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது அவளுக்கு. அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை.

"ரெண்டு தரம்தான்" என்றாள். "சம்சயமே இல்ல. ரெண்டு கவருலயும் கலந்திருக்கு."

என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

பெண் குனிந்து பார்த்தாள். "அம்மா, இது ஒரு கதிரோட நுனி மணியாவும் நடு மணியாவும் கூட இருக்கலாம். நுனியில உருண்டையா வரும். நான் இதைத் தனித்தனியா முளைக்கவச்சுப் பாக்குறேன்" என்றாள். இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. எனக்கு இரக்கம் பிடிக்காது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் நாலு குவியலையும் நாலு புதுக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு படி ஏறுகிற சத்தம் கேட்டது.

அப்புறம் என்ன, மீன்காரனுக்குத் தெரிந்தது, பால் பூத்தில் தெரிந்தது. "சோளத்தைக் கலந்துட்டீங்களாமே" என்று சுள்ளிக்கல்லிலிருந்து என் மருமகள் போனில் கேட்டாள், அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அதுவரைக்கும் போயிருக்கிறது. ராத்திரியில் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிற மீன் குழம்பை நிறுத்திவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்தேன். ஒருவேளை அந்தப் பெண்ணே கலந்திருப்பாள், காலேஜில் திட்டு வாங்கிவிட்டு என் தலையில் கட்டுகிறாள். ஒருவேளை அந்தச் சாரே செய்திருப்பார், பெரிய ஆட்கள் தங்கள் தவறைக் கீழே தள்ளுவதில் கெட்டிக்காரர்கள். ஒருவேளை எதிர்வீட்டுக்காரி. அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எட்டிக் குதித்தால் என் மாடி. ஆனால் அந்த உடம்போடு குதித்தால் வீடு இடிந்திருக்கும். ஒருவேளை நான்தானோ என்றும் வந்தது. அன்றைய மழையை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். முறம், முந்தானை, படி, கட்டில். எந்த இடத்திலும் ஒரு மணிகூடச் சிந்தவில்லை. ஆனால் இவ்வளவு தரம் ஒன்றை நினைத்தால், நடந்ததை நினைக்கிறோமா, நினைத்ததை நினைக்கிறோமா என்று ஆகிவிடுகிறது.

மாடியில் நாலு தட்டு புதிதாகப் பச்சை விட்டது. நான் ஏறிப் பார்க்கவில்லை. துணியைச் சந்திலேயே காயப்போட்டேன்.

பெண் முடிவோடு வந்த நாளில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெர்மாகோல் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"நாலு குவியலும் ஒண்ணுதாம்மா. சப்பையும் ஒண்ணு, உருண்டையும் ஒண்ணு. முதல்ல விதை குடுத்த இடத்துலருந்தே ரெண்டு லைனையும் புதுசா வரவழைச்சுப் பாத்தேன். உங்க வீட்டு வாசலே மிதிக்காத விதை. அதுவும் ஒண்ணுதான். எந்தக் காலத்துலயோ ஒரே லைன் ரெண்டு ஊருக்குப் போயிருக்கு. அங்க ஒரு பேரு வச்சுட்டாங்க, இங்க ஒரு பேரு வச்சுட்டாங்க. இத்தனை வருஷமா ரெண்டுன்னு நினைச்சுட்டே இருந்திருக்காங்க. எதுவும் கலக்கவே இல்லம்மா."

நான் கீரையை விடவில்லை. "உன் சாருக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். இதைக் கண்டுபிடிச்சதே பெரிசுன்னு சொல்றார். சேர்த்திருந்தா ரெண்டு வருஷம் வீணாப் போயிருக்கும்."

"என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

அவள் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். கலந்தாள் என்று சொல்ல வாய் இருந்தது, கலக்கவில்லை என்று சொல்ல ஞாபகம் இருக்காது.

"அப்ப நான் பிரிச்ச ரெண்டு குவியல்?"

"நுனி மணி, நடு மணி. நான் அன்னைக்கே சொன்னேனேம்மா, நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

கீரையைத் தள்ளிவைத்து எழுந்தேன். "வா" என்றேன்.

"எங்கம்மா?"

"நீ என்னைக் கேட்டது யாரு காதுல விழுந்துச்சோ அங்க."

எதிர்வீட்டு வாசலில் அவளை நிறுத்தினேன். மாலை நேரம், குழாயில் தண்ணீர் வந்து சந்தே வெளியில் நின்றது. சேச்சி குடத்தோடு வந்தாள். பெண் அவளுக்குப் புரிகிற மாதிரி, பாதி மலையாளம் பாதி தமிழில் முழுக்கதையும் சொன்னாள். நல்ல சத்தமாகச் சொல் என்று நான் ரெண்டு தடவை இடுப்பில் இடித்தேன்.

சேச்சி எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ நம்ம பிரிச்சது தப்போ?"

நம்ம என்றாள். பிரித்தது நான், பார்த்துச் சரி என்றது அவள். தப்பு என்றால் என் பேர் சுத்தம், கை போச்சு. தப்பில்லை என்றால் கை நிற்கும், பேர் போச்சு. பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்புன்னு இல்ல" என்றாள். "பார்வைக்கு ரெண்டுதான். உள்ள ஒண்ணு."

"உள்ள கண்டது யாரு?"

"மெஷின்."

"மெஷின்" என்று சேச்சி அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தாள். "ஒரு துண்டு இலையைக் கிள்ளிக் கொண்டுபோயிட்டு, மெஷின் சொல்லுது, இவ கேக்குறா. சப்பையையும் உருண்டையையும் ஒரே சாக்குல கட்டி அனுப்பினா வாங்குறவன் திருப்பி அனுப்பமாட்டானோ?"

"அனுப்புவான்" என்றேன் நான்.

"தனிச்சாக்குல உக்காரவைப்பான்."

"உன்னைத்தான் வைப்பான்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு குழாயடியில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பி, தண்ணீர் பிடிக்கிறவள் பிடிப்பதை நிறுத்துகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். "இவள் கலக்கல. நான் சொல்றேன். ஆனா சோளம் ரெண்டு தரம்தான்."

முதல் பாதிக்காகத்தான் நான் அந்த வாசலுக்குப் போனேன். அது எல்லோர் காதிலும் விழுந்தது, போதும். அன்று ராத்திரி பெண்ணிடம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினேன். ரெண்டாம் பாதியைப் பற்றிப் பெண் கேட்டால், எனக்கும் அதேதான் அபிப்பிராயம் என்று சொல்லிவிடுவேன். அவள் கேட்கவில்லை.